பங்காளிக் காய்ச்சலும் இமாம் கஸ்ஸாலியும்

மதுரை நகரத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் மஃரிபுத் தொழுகை முடித்து வெளியே வருபவர், வாசற்படியருகே தாய்மார் சிலர் காத்து நிற்பதைக் காண்பர். இடுப்பில் குழந்தை, சிலர் கையில் நீர் நிறைந்த செம்பு. அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் உண்டு. நெற்றியில் திலகமிட்ட பெண்களும் உண்டு. பல மாலைகளில் பின்னவரே மிகுதி. தொழுது வருவோர் குழந்தையின் முகத்தில் ஓதி ஊதிச் செல்வர். பிள்ளைக்கு என்ன என்று வினவினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "நாவூறு பட்டிருக்குங்க, பால் குடிக்க மாட்டேங்குது."

ஓதப்படுவனவற்றுள் ஒன்று ஃபலக் என்னும் சிறிய அத்தியாயம். பொறாமைக்காரனின் தீங்கினின்று இறைவனிடம் காவல் தேடுவதோடு அது முடிகிறது. அந்தத் தாய்க்கு அரபு தெரியாது. அதன் பொருளை எவரும் அவளுக்குச் சொன்னதும் இல்லை. ஆயினும் அவள் எதற்கு அஞ்சி வந்தாளோ அதற்கே அங்கு ஓதப்படுகிறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது அவள் வீட்டுப் பழமொழி. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் தொங்கும் வைக்கோல் பொம்மையும், பயிரிடையே கழியில் கவிழ்த்த புள்ளியிட்ட பானையும், குழந்தையின் கன்னத்துக் கரும்பொட்டும் ஒரே அச்சத்தின் பல வடிவங்கள். அந்த அச்சம் பேயைப் பற்றியதன்று; அடுத்த வீட்டுக்காரரின் உள்ளத்தைப் பற்றியது.

இவ்வச்சத்தைப் படிப்பில்லாதவரின் மூடத்தனம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. நானும் இளமையில் அப்படித் தள்ளியவன்தான். ஆயின் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் அன்றாட வாழ்வின் எதிர்மறை உணர்ச்சிகளைப் பற்றி, அதாவது சினம், அச்சம், அருவருப்பு, பொறாமை முதலியவற்றைப் பற்றி, கடந்த அறுபது எழுபது ஆண்டுகளாக ஒரு பெரிய ஆராய்ச்சித் துறையே வளர்ந்திருக்கிறது. இது நமக்கு முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டையும் நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வெந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் அது வகுக்கிறது. அவ்வெட்டினுள் பொறாமை இல்லை. அதன் பின் கூறப்படும் முப்பத்திரண்டினுள், பொச்சாப்பை அடுத்து, அது இடம்பெறுகிறது. அரபு மொழியில், ஹிஜ்ரீ 322-இல் (934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உயிருக்கும் நலம் பயப்பன பற்றி இரு பகுதிகளாக எழுதிய நூலின் இரண்டாம் பகுதி முழுவதையும் சினம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றுக்கே ஒதுக்கினார். மருத்துவர்கள் உடல்நோயை மட்டுமே எழுதி உள்ளத்தின் நோயை விட்டுவிட்டனர் என்பது அவருடைய குறை.

இத்துறையில் பொறாமையைப் பற்றி எழுதியவர்களுள் ஜார்ஜ் ஃபாஸ்டர் என்னும் அமெரிக்க மானிடவியலார் முக்கியமானவர். மெக்சிகோ நாட்டில் ட்ஸின்ட்ஸுன்ட்ஸான் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரில் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் சொன்னது இது: உழவர் சமுதாயங்களில் நிலம், செல்வம், உடல்நலம், மானம், அன்புகூட, அளவிட்டு வைக்கப்பட்டவை என்றே மக்கள் கருதுகின்றனர். மொத்தம் இவ்வளவுதான், அது வளராது. ஆகவே ஒருவன் பங்கு பெருத்தால் வேறெவனோ ஒருவன் பங்கு சிறுத்திருக்க வேண்டும். அடுத்தவன் ஆக்கம் என் இழப்பே என்னும் இந்த எண்ணமே பொறாமைக்கும் கண்ணேற்று அச்சத்துக்கும் வேர். 1972-இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், பொறாமைக்கு அஞ்சுபவர் கையாளும் நான்கு வழிகளைக் காட்டினார்: நல்லதை மறைத்தல், மறைக்க இயலாவிடில், ஒன்றுமில்லை என மறுத்தல், பேருக்குச் சிறிது கொடுத்து வாயை அடைத்தல், உண்மையாகவே பகிர்தல்.

இந்நான்கையும் படித்தபோது, மெக்சிகோவை விட்டு மேலூர் வட்டத்துக்கே வந்துவிட்டேன். ஈன்ற பசுவைப் பின்கட்டில் கட்டிவைப்பதும், நல்ல விளைச்சல் கண்டவன் "ஏதோ வண்டி ஓடுது" என்று தலையைச் சொறிவதும், பிள்ளை பிறந்த வீட்டினர் தெருவெங்கும் சீனி வழங்குவதும், அகீகா இறைச்சி ஒரு வீடு தவறாமல் செல்வதும் நான் பிறந்து வளர்ந்த ஊரில் நாள்தோறும் கண்டவையே. அகீகா நபிகளார் (ஸல்) அவர்களின் வழிமுறை. அதைப் பொறாமைக்கு அஞ்சிச் செய்யும் செயல் என்று எவரும் சொல்ல வேண்டாம். ஆயின் ஒரு வீடு விடுபட்டுவிடக் கூடாதே என்று பெண்கள் படும் பதற்றத்தில் வழிமுறையைத் தவிர வேறொன்றும் கலந்திருந்தது.

எங்கள் ஊர்க் கதையைச் சிறிது சொல்லவேண்டும்.

மதுரைச் சமவெளி மழையை நம்பிய பூமி. ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வருசநாட்டு மலையில் தோன்றும் வையை 258 கிலோமீட்டர் ஓடியும், பெருவெள்ளக் காலம் நீங்கலாகக் கடலைச் சேர்வதில்லை. இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு ஓய்ந்துவிடுகிறது. எனவேதான் பாண்டிய நாடு முழுவதும் கண்மாய்களாலும் மடைகளாலும் நிறைந்தது. சேந்தன் என்னும் பாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டொன்று மதுரை வையைப் படுகையிலேயே கிடைத்தது, ஏழாம் நூற்றாண்டினது, ஒரு மதகு அமைத்ததை அது சொல்கிறது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்துக்குப் பின், பென்னிகுயிக் முயற்சியால் 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் வந்தபோது மேலூர்ப் பகுதி செழித்தது. உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. 58 கிராமக் கால்வாய்க்காக அம்மக்கள் பல்லாண்டு போராட நேர்ந்தது.

ஆகவே ஃபாஸ்டர் 'எண்ணம்' என்று சொன்னது இங்கு எண்ணம் மட்டுமன்று. கண்மாயில் நீர் இவ்வளவுதான் என்பது கண்ணால் காணும் கணக்கு. தலைமடைக்காரன் கூடுதலாக ஒரு நாழிகை திறந்தால் கடைமடைக்காரன் பயிர் கருகும். ஃபாஸ்டரின் கொள்கைப்படி எங்கள் ஊரில் நீரின் பொருட்டே பொறாமைத் தீ மிகுதியாக எரிந்திருக்க வேண்டும்.

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: பங்காளிக் காய்ச்சல். பங்கு உடையவன் பங்காளி; தந்தைவழி உடன்பிறந்தார் மக்களைக் குறிக்கும் உறவுப்பெயரே, பங்கிடும் பொருளிலிருந்து பிறந்திருக்கிறது. உறவின் பெயரிலேயே வழக்கின் காரணமும் அடங்கிய சொல் வேறு எத்தனை மொழிகளில் உண்டோ! 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என் பெரியத்தா தம் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்தார். அன்றிரவு என் அத்தா சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார். உடம்பு சுட்டது. பாட்டியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது வெயில் காய்ச்சல் இல்லடா, பங்காளிக் காய்ச்சல், கஷாயத்துக்குப் போகாது" என்றார்கள். அத்தா உட்பட வீடே சிரித்தது. மூன்றாம் நாள் எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

நீர் விஷயத்தில் அந்த இருவரும் சண்டையிட்டதை நான் கண்டதில்லை. இருவர் வயலும் ஒரே மடைப் பாசனம். முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு வந்து இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று வாயை வெட்டிவிடுவார். நேரம் தீர்ந்ததும் அடைத்துவிடுவார். பற்றாத ஆண்டில் எல்லாருக்கும் சேர்த்தே குறையும். இந்த முறையைப் பெரிய தருமராஜ்யமாகப் புகழவும் நான் வரவில்லை. கண்மாய்களைப் பற்றி ஆராய்ந்து 2003-இல் நூல் வெளியிட்ட டேவிட் மோஸ், இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் நீர்ப்பங்கீடு அதிகாரத்தோடும் சாதி வரிசையோடும் பிணைந்திருந்ததை விரிவாகக் காட்டியிருக்கிறார். எல்லார் வயலுக்கும் நீர் பங்கிட்ட நீர்பாய்ச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர். அவருக்கென்று கிடைத்தது களத்தில் அளக்கும் சிறு நெல்தான். இருப்பினும் முறை என்று ஒன்று இருந்தது. அது மனிதரின் மனத்தை நம்பி விடப்படவில்லை. அத்தாவின் உள்ளத்தில் என்ன எரிந்தாலும் பெரியத்தாவின் வாய்க்காலை அது தொடவில்லை.

அவர்கள் பிரிந்தது வேறொன்றால். எங்கள் ஊர்க் கந்தூரியில் முதல் தபர்ருக்குத் தட்டு எங்கள் குடும்பத்துக்கு வரும். மூத்தவர் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். ஓர் ஆண்டு, பெரியத்தா வெளியூர் சென்றிருந்தபோது, அத்தாவின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு பெரியத்தாவின் பெயருக்கே அது திரும்பியது. தட்டில் இருந்தது நான்கு கைப்பிடி நெய்ச்சோறும் இரண்டு வாழைப்பழமும். அதன் பொருட்டு ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் பதினோராண்டு முகம் பார்க்கவில்லை. அந்தப் பதினோராண்டும் அதே மடையில் முறை தவறாமல் நீர் பாய்ச்சினார்கள். பேசாத இருவருக்கிடையே, "அடைச்சாச்சு, தொறங்க" என்று செய்தி கொண்டு சென்ற சிறுவன் நான்.

இதை ஃபாஸ்டரின் கொள்கையைக் கொண்டு விளக்க நான் முயன்றதுண்டு, முழுதும் முடியவில்லை. மானமும் அளவிட்ட பொருள்களுள் ஒன்று என அவர் சொல்லியிருப்பது உண்மையே. ஆயின் நீர் குறைவாய் இருப்பது வானத்தின் செயல். முதல் தட்டு ஒன்றே ஒன்றாய் இருப்பது நம் செயல். இரண்டு தட்டுகளை ஒரே நேரத்தில் நீட்டியிருந்தால் வழக்கே இல்லை. ஆனால் அப்போது அது முதல் தட்டாகவும் இராது. இதைக் கோயில்களில் முதல் மரியாதை என்பர். பாண்டிய நாட்டு வரலாற்றில் இந்த மரியாதை அரசியல் நாணயமாகவே வழங்கியது. மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது திருமலை நாயக்கருக்கு உதவிய இரகுநாத சேதுபதிக்கு அவர் அளித்த வெகுமதிகளுள் ஒன்று, இராமநாதபுரத்தில் நவராத்திரி விழாவை மதுரையைப் போல் சிறப்பாகக் கொண்டாடும் உரிமை. பொன்னைவிட அது பெரிதாகக் கருதப்பட்டது.

நம்மவர் வரலாறும் இதற்கு விலக்கன்று. மதுரை சுல்தான்களின் அவையில் 1340-களில் தங்கியிருந்த இப்னு பதூதா தம் பயண நூலில் கூறுவதைப் பார்க்கலாம். தனியரசு நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் போர்க்களத்தில் அம்பு பட்டு மாண்டார். அடுத்தவர் நாற்பது நாட்களில் கொல்லப்பட்டார். பிறகு வந்த கியாஸுத்தீன், அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்தவர். இப்னு பதூதா மணந்திருந்ததும் அவர் மகள் ஒருத்தியையே. கியாஸுத்தீனுக்குப் பின் அரியணையேறிய நாஸிருத்தீன், மறைந்த சுல்தானின் மகளை மணந்திருந்த தம் அத்தை மகனைக் கொன்று அப்பெண்ணைத் தாமே மணந்தார். பலரும் உறவினர், இருக்கை ஒன்று.

இனி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் வருகிறேன். ஹிஜ்ரீ 450-இல் (1058) தூஸில் பிறந்து 505-இல் (1111) அங்கேயே மறைந்த அப்பெரியார், இஹ்யா உலூமித்தீனை நாற்பது நூல்களாக வகுத்தார்கள். நான்கு பகுதிகளுள் மூன்றாவதான 'அழிப்பவை' என்னும் பகுதியின் ஐந்தாம் நூல் சினம், பகை, பொறாமை என்னும் மூன்றையும் ஒருங்கே பேசுகிறது. அடக்கப்பட்ட சினம் உள்ளே உறைந்து பகையாகிறது; பகையின் பிள்ளை பொறாமை. ஹஸத் என்பது பிறன் பெற்ற அருளை வெறுத்து அது அவனைவிட்டு நீங்க விரும்புவது. நீங்க விரும்பாமல் அதுபோல் தனக்கும் வேண்டுமென விரும்புவது கிப்தா. செல்வத்தை நல்வழியில் செலவிடுபவனையும் ஞானம் பெற்று அதன்படி நடப்பவனையும் குறித்து நபிகளார் (ஸல்) அனுமதித்தது இந்த இரண்டாவதே என அறிஞர் விளக்குவர். 2009-இல் நெதர்லாந்து ஆய்வாளர் மூவர் இவ்விருவகையையும் சோதனைகளால் பிரித்துக் காட்டினர். அவர்கள் மொழியிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளனவாம். தமிழில் அழுக்காறு, அவ்வியம், காழ்ப்பு எனத் தீய வகைக்குப் பல பெயர்கள் உள்ளன. நல்ல வகைக்கு ஏற்ற ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. பொறாமையும் ஆற்றாமையும் எதிர்மறைச் சொற்கள் என்பதையும் இலக்கணம் கற்றவர் கவனிக்கலாம்: பொறுக்க இயலாதது, ஆற்றிக்கொள்ள இயலாதது.

ஆனால் என்னை வியக்க வைத்தது இப்பாகுபாடு அன்று. பொறாமை எவரிடையே தோன்றும் என்று இமாம் அவர்கள் ஆராயும் பகுதியே. வெகு தொலைவிலுள்ள இரு நகரத்தாரிடையே அது தோன்றுவதில்லை. செருப்புத் தைப்பவர் செருப்புத் தைப்பவரைக் கண்டு எரிவார்; துணி விற்பவரைக் கண்டு எரியார். ஒரே வீடு, ஒரே சந்தை, ஒரே பள்ளி, ஒரே மத்ரஸா. நோக்கம் ஒன்றாகி இடமும் நெருங்கினால் மோதல் உண்டாகும். பங்காளிக் காய்ச்சலைப் பற்றி தூஸ் நகரத்தார் ஒருவர் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியாது. அதன் மூலத்தையும் சொல்கிறார்கள்: உலகப் பொருள் குறுகியது, ஒரு கைக்கு வந்தால் மற்றொரு கை வெறுமையாகும். ஃபாஸ்டர் 1965-இல் கூறியது இதுவே. ஆயின் இமாம் அவர்கள் இரண்டு படி மேலே செல்கிறார்கள். செல்வத்தைவிடக் குறுகியது புகழும் தலைமையும். ஏனெனில் பிறர் உள்ளங்களை உடைமையாக்குவதே புகழ். ஓர் உள்ளம் ஒரு அறிஞரின் பெருமையால் நிறைந்துவிட்டால் மற்றவருக்கு அங்கே இடம் சுருங்கும். இரண்டாவது படி, குறுகாத பொருளும் உண்டு என்பது. தோட்டத்தைக் காண நெருக்கியடிப்பவர் வானத்தின் அழகைக் காண நெருக்கியடிப்பதில்லை. வானம் எல்லார்க்கும் போதும். இறைவனை அறியும் அறிவு அத்தகையது. ஆகவே கல்வியை அதற்காகவே நாடுபவரிடையே பொறாமை இருக்க வழியில்லை. இருந்தால் அவர்கள் நாடுவது கல்வியை அன்று.

இதை எழுதியவர் பக்தாத் நிஜாமிய்யாவில் முந்நூறு மாணவர்க்குப் பாடம் சொன்னவர். புகழின் உச்சியில் 488-இல் (1095) அந்த இருக்கையை விட்டு வெளியேறியவர். மத்ரஸாவையும் அப்பட்டியலில் அவர் சேர்த்தது ஏட்டறிவால் அன்று.

இதற்கு நானே சான்று. முப்பது வயது கடந்த நிலையில் ஒரு மத்ரஸாவில் ஆசிரியனாக இருந்தேன். என்னினும் இளையவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய ஹதீஸ் பாடத்தில் இடமில்லாமல் மாணவர்கள் தாழ்வாரத்தில் அமர்ந்தனர். என் நஹ்வுப் பாடத்தில் பின்வரிசை காலியாயிற்று. அவருடைய ஜும்ஆ உரைகளின்போது முன்வரிசையில் அமர்ந்து, அவர் அரபு வாசகங்களை ஓதுகையில் எங்கே இஃராபு பிழைக்கிறது என்று ஒரு சிறு ஏட்டில் குறித்துவந்தேன். கல்வியின் தூய்மையைக் காப்பதாக என் எண்ணம். ஏழு பிழைகள் சேர்ந்தன. ஒருநாள் ஓய்வாக நூல்களைப் புரட்டி அவற்றைச் சரிபார்த்தபோது, நான்கு இடங்களில் அவர் ஓதியதற்கும் இலக்கண அறிஞர் சிலரின் ஒப்புதல் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டில்தான் இஹ்யாவின் இந்தப் பகுதியை மேல்வகுப்புக்கு நடத்தினேன். "ஹஜ்ரத், ஒரே மத்ரஸாவில் இருக்கிறவங்களுக்குள்ளேயுமா வரும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். இமாம் அவ்வாறுதான் எழுதியிருக்கிறார்கள் என்று கூறி அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன்.

பின்னர் அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றிச் சென்றார். ஓரிரு ஆண்டுகளில் என் உள்ளத்தில் அந்த எரிச்சல் அடங்கிற்று. அவர் பெயரைப் பிறர் புகழக் கேட்டபோது நானும் மனமாரப் புகழ்ந்தேன். இரவுத் தொழுகைகளில் நான் கேட்ட பாவமன்னிப்பின் பயன் என்றே அதை நெடுங்காலம் எண்ணி மகிழ்ந்திருந்தேன். இந்தக் கட்டுரைக்காக இஹ்யாவை மீண்டும் எடுத்து, தொலைவிலுள்ள இரு நகரத்தாரைப் பற்றிய அந்த வரியைப் படித்தபோதுதான் வேறொன்று தோன்றிற்று.

சென்ற ஆண்டு மதுரையில் ஒரு மீலாது மேடையில் அவரைச் சந்தித்தேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து முஸாஃபஹா செய்து தம் இருக்கையை எனக்குக் கொடுத்தார். பிறகு பேச எழுந்தார். கூட்டம் அமைதியாயிற்று. அவர் அரபு வாசகத்தைத் தொடங்கியதும், என் கை சட்டைப்பையில் எழுதுகோலைத் தேடிற்று.